தர்மபுரிப் பக்கம் பறக்கும் மஞ்சள், ஆரஞ்சுப் பட்டாம்பூச்சிகள்: எது எது, எங்கே பார்க்கலாம்?

பென்னாகரம் பக்கம் உங்கள் நிலத்து வரப்பிலும் ஏரிக்கரையிலும் ஏழாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் எடுத்த மூன்று படங்களை அனுப்பியிருக்கிறீர்கள். கைப்பேசிச் செயலி முதல் படத்தைக் ‘கிளவுடெட் சல்ஃபர்’ என்கிறது, இரண்டாவதை ‘ஆரஞ்சு சல்ஃபர்’ என்கிறது, மூன்றாவதற்குப் பெயரே காட்டவில்லை. இவை உண்மையில் என்ன, எங்கே போனால் இன்னும் பார்க்கலாம் என்பது உங்கள் கேள்வி.

செயலி சொன்ன இரண்டு பெயர்களையும் அடித்துவிடுங்கள். அவை இரண்டும் வட அமெரிக்காவில் வாழ்பவை. உங்கள் மகள் எடுத்தவை முறையே காமன் கிராஸ் யெல்லோ, காமன் எமிகிரன்ட், ஒயிட் ஆரஞ்ச் டிப். பட்டாம்பூச்சி பார்ப்பவர்கள் நடுவே புழங்கும் ஆங்கிலப் பெயர்களையே எழுதுகிறேன். எந்தக் கையேட்டை எடுத்தாலும் இந்தப் பெயரில் தேடிவிடலாம். எதை வைத்து இப்படிச் சொல்கிறேன் என்பதையும் விளக்கிவிட்டால் அடுத்த படத்துக்கு அவளே பெயர் வைத்துவிடுவாள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்த அமெரிக்கப் பூச்சிகள். இரண்டும் கோலியாஸ் என்ற பேரினம். ஆரஞ்சு சல்ஃபரின் புழு முக்கியமாகக் குதிரைமசாலைத் தின்னும். நாம் கறவை மாட்டுக்குப் போடுகிறோமே, அதே குதிரைமசால்தான். அமெரிக்காவில் அந்தப் பயிர் மேற்கிலிருந்து கிழக்கே பரவப் பரவ, இந்தப் பூச்சியும் கூடவே பரவியது. கலிபோர்னியாவில் அதைப் பயிர்ப்பூச்சியாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள். கிளவுடெட் சல்ஃபர் அதற்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே வயலில் பறக்கும், சில சமயம் கலந்தும் விடும். இரண்டிலும் வெள்ளை நிறப் பெண்கள் உண்டு. அவற்றைப் பிரித்துச் சொல்ல அந்த ஊர்க்காரர்களே திணறுவார்கள். குதிரைமசால் நம் ஊரில் இருக்கிறது என்பதற்காக அந்தப் பூச்சியும் இங்கே வந்துவிடவில்லை. தென்னிந்தியாவில் கோலியாஸ் பேரினத்துக்கு இருக்கும் ஒரே ஆள் நீலகிரி கிளவுடெட் யெல்லோ. அது உதகை, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளின் புல்வெளியை விட்டுக் கீழே இறங்காது. தர்மபுரி சமவெளியில் கோலியாஸ் என்று எந்தச் செயலி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ஆனாலும் இரண்டாவது படத்தில் செயலி ஏமாந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆரஞ்சு சல்ஃபரின் பின்சிறகு அடிப்பக்கத்தில், நடுவில், சிவப்பு வளையம் போட்ட வெள்ளிப்புள்ளி ஒன்று இருக்கும். உணர்கொம்பு இளஞ்சிவப்பாக இருக்கும். உங்கள் படத்தில் உள்ள எமிகிரன்ட்டுக்கும் அதே இடத்தில் சிவப்பு வளையமிட்ட வெள்ளிப்புள்ளிகள், அதே சிவந்த உணர்கொம்பு. படத்தை வெட்டிப் பெரிதாக்கி அனுப்பினால் அளவும் தெரியாது, ஊரும் தெரியாது. ஊரைத் தெரிந்து வைத்திருக்கும் மனிதக் கண்ணுக்குத்தான் அது உடனே தவறாகப் படும். இரண்டும் பியரிடே என்ற ஒரே குடும்பம், அதிலும் கோலியாடினே என்ற ஒரே கிளை. சொந்தக்காரர்கள்தான், ஊர்தான் வேறு.

உங்கள் மகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இது: மஞ்சள் பூச்சியை மஞ்சளை வைத்து அடையாளம் காணப் பார்க்காதீர்கள். இந்தக் கிளையில் நிறம் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. மழைக்காலத்தில் ஒன்று, வெயில்காலத்தில் ஒன்று. ஒரே தாயின் முட்டையிலிருந்து வந்தவை கூட இரண்டு நிறத்தில் பறக்கும். அதோடு இவை உட்கார்ந்தால் சிறகை விரிக்கவே விரிக்காது. பறக்கும்போது தெரியும் கருப்பு ஓரம், உட்கார்ந்ததும் மறைந்துவிடும். கையில் கிடைப்பதெல்லாம் மூடிய சிறகின் அடிப்பக்கம் மட்டும்தான். அடையாளம் முழுக்க அந்த அடிப்பக்கத்திலும், பூச்சி சுற்றிவரும் செடியிலும் இருக்கிறது.

முதல் படத்துக்கு வருகிறேன். வெட்டுக்காயப் பூண்டின் பூவில் உட்கார்ந்திருக்கும் சிறிய மஞ்சள் பூச்சி. சிறகை விரித்தால் 4 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும். முன்சிறகின் முனையில், அடிப்பக்கத்தில், துருப்பிடித்த மாதிரி ஒரு பழுப்புத் தீற்று. படத்தைப் பெரிதாக்கி முன்சிறகின் நடுவைப் பாருங்கள். சிறகு உடம்போடு சேரும் இடத்திலிருந்து பாதி நீளம் வரை நரம்புகளால் மூடப்பட்ட நீளமான ஓர் அறை தெரியும். அதற்குள் மங்கலான பழுப்புக் கோடுகள் போல இரண்டு சின்னப் புள்ளிகள். அறையின் முடிவில், அறைக்கு வெளியே, சிறுநீரக வடிவில் பெரிய புள்ளி ஒன்று இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உள்ளே இரண்டு என்றால் காமன் கிராஸ் யெல்லோ. யூரிமா ஹெகபே என்பது அறிவியல் பெயர். 1758இலேயே லின்னேயஸ் பெயர் வைத்துவிட்ட பூச்சி. உள்ளே மூன்று இருந்தால் திரீ-ஸ்பாட் கிராஸ் யெல்லோ, ஒன்று இருந்தால் ஒன்-ஸ்பாட் கிராஸ் யெல்லோ. ஒன்-ஸ்பாட் ஈரக் காடுகளின் பூச்சி, உங்கள் வரப்பில் எதிர்பார்க்க வேண்டாம்.

அறைக்குள் புள்ளியே இல்லையென்றால் வேறு இரண்டு பூச்சிகளை யோசிக்க வேண்டும். ஒன்று ஸ்மால் கிராஸ் யெல்லோ. காமன் கிராஸ் யெல்லோவை (இனிச் சுருக்கமாகக் காமன்) விடச் சிறியது, தரையை ஒட்டியே பறக்கும், சிறகின் விளிம்பு மயிர் இளஞ்சிவப்பாக இருக்கும். பறக்கும்போது எடுத்த படம் கிடைத்தால் மேல்பக்கக் கருப்பு ஓரத்தைப் பாருங்கள். காமனில் அந்த ஓரம் சிறகின் நடுவில் ஆழமாக உள்வாங்கி, யாரோ கடித்து எடுத்தது போலப் பள்ளமாக இருக்கும். ஸ்மாலில் வெட்டு இல்லாமல் வழவழவென்று ஓடும். மற்றது ஸ்பாட்லெஸ் கிராஸ் யெல்லோ. அதன் முன்சிறகின் முனை உருண்டு வளையாமல் சதுரமாக வெட்டியது போல நிற்கும். வெயில்காலத்தில் பின்சிறகின் அடியில் இரண்டு செம்பழுப்புக் கோடுகள் கிட்டத்தட்ட இணையாக ஓடும். இந்த இரண்டின் புழுக்களுக்கும் உணவு, தொட்டாற்சுருங்கி மாதிரிச் சின்ன இலையும் மஞ்சள் பூவும் கொண்டு தரையோடு வளரும் ஒரு காட்டுத் தகரை. பாறை மண்ணிலும் மேய்ச்சல் நிலத்திலும் மழைக்குப் பின் முளைக்கும். மாடு மேய்க்கிறவர்கள் தினம் மிதித்துப் போகும் செடிதான்.

அந்தப் பழுப்புத் தீற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அது வெயில்காலத்துக் கோலம். மழைக்காலத்தில் பிறக்கும் காமன் கிராஸ் யெல்லோவுக்கு மேல்பக்கக் கருப்பு ஓரம் அகலமாகவும், அடிப்பக்கம் ஏறக்குறைய சுத்தமான மஞ்சளாகவும் இருக்கும். வறண்ட மாதங்களில் பிறப்பதற்குக் கருப்பு ஓரம் குறுகி, அடியில் பழுப்பு ஏறும். புழுவாக இருந்தபோது பட்ட பகல்பொழுதின் நீளமும் வெப்பமும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. பூச்சியாக வெளிவந்த பிறகு நிறம் மாறுவதில்லை. காய்ந்த சருகுக்கு நடுவே உட்காரும் பூச்சிக்குப் பழுப்பு உதவும், பச்சைக்கு நடுவே உட்காரும் பூச்சிக்கு மஞ்சளே போதும். ஐப்பசியில் எடுத்த படத்தையும் மாசியில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் மகள் இரண்டு இனம் என்றே சத்தியம் செய்வாள். உள்ளே இருக்கும் இரண்டு புள்ளிகள் மட்டும் மாறாது.

காமனையும் திரீ-ஸ்பாட்டையும் பிரிக்கப் புள்ளியை விட எளிய வழி ஒன்று உண்டு: புழுவைப் பார்ப்பது. காமன் ஒவ்வோர் இலையிலும் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். புழு தலை முதல் வால் வரை பச்சை, தனியாக இருக்கும். திரீ-ஸ்பாட் கொத்தாக முட்டையிடும். கருப்புத் தலையோடு புழுக்கள் ஒரே கிளையில் கூட்டமாக உட்கார்ந்து, வரிசையாகத் தின்றுகொண்டே போகும். வாகை, மயில்கொன்றை மரங்களில் கிளை மொட்டையாகத் தெரிந்தால் நின்று பாருங்கள். காமனுக்கோ கிடைப்பதெல்லாம் சாப்பாடு: கொடுக்காப்புளி, அகத்தி, சித்தகத்தி, வாகை, சுபாபுல், தகரை. நம் ஊரில் கொடுக்காப்புளி இல்லாத வேலி உண்டா? அதனால்தான் இந்தப் பூச்சி வீட்டு வாசல் வரை வருகிறது.

இரண்டாவது படம் எமிகிரன்ட். கொன்றை இலையின் அடியில் தொங்கிக்கொண்டிருப்பது நன்றாகவே விழுந்திருக்கிறது. கிராஸ் யெல்லோ தரையோடு தத்தித் தத்திப் பறக்கும். எமிகிரன்ட் தலைக்கு மேலே வேகமாக, நேராக, ஏதோ வேலையாகப் போகிற மாதிரிப் போகும். சிறகை விரித்தால் 5.5 முதல் 8 சென்டிமீட்டர் வரை இருக்கும். நம் பகுதியில் இரண்டு இனம்: காமன் எமிகிரன்ட், மாட்டில்ட் எமிகிரன்ட்.

மாட்டில்டை அடிப்பக்கத்தை வைத்து உடனே சொல்லிவிடலாம். பச்சை கலந்த வெள்ளை. அதன் மேல், மெல்லிய பேனாவால் கிறுக்கியது போலப் பழுப்புக் கீற்றுகள் சிறகு முழுக்க நிறைந்திருக்கும். மேல்பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, முன்சிறகின் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. தகரை, பேயாவரை, ஆவாரை, சீமையகத்தி இருக்கும் இடத்தில் இதைத் தேடுங்கள்.

காமன் எமிகிரன்ட்தான் எல்லாரையும் குழப்பும். ஒரே இனத்துக்குள்ளேயே பல கோலம். ஒரு கோலத்தில் உணர்கொம்பு கருப்பு, அடிப்பக்கத்தில் புள்ளி கிடையாது, வெளிர் பச்சை கலந்த மஞ்சள் மட்டும். இன்னொன்றில் உணர்கொம்பு சிவப்பு, அடியில் வெள்ளிப்புள்ளிகள். மூன்றாவது கோலம் பெண்ணில் வருவது: பின்சிறகின் அடியில் வெற்றிலைச்சாறு சிந்தியது போலப் பெரிய செங்கருப்புத் திட்டு. உங்கள் மகளின் படத்தில் இருப்பது இந்த மூன்றாவது. திட்டுக்குள்ளேயே வெள்ளிப்புள்ளி இரண்டு தெரிகிறது பாருங்கள், செயலி பிடித்துக்கொண்டது அதைத்தான். பழைய நூல்கள் கருப்புக் கொம்புக்காரரைக் ‘காமன் எமிகிரன்ட்’ என்றும் சிவப்புக் கொம்புக்காரரை ‘லெமன் எமிகிரன்ட்’ என்றும் இரண்டு தனி இனங்களாகவே எழுதின. ஒரே பெண்ணின் முட்டைகளை வளர்த்துப் பார்த்தபோது இரண்டு கோலமும் வந்ததால் இன்று கேட்டாப்சிலியா போமோனா என்ற ஒரே இனமாகக் கொள்கிறோம். லெமன் எமிகிரன்ட் என்ற பெயர் இன்னும் சில கையேடுகளில் இருக்கும், குழம்ப வேண்டாம்.

இதன் ஆண் பறக்கும்போது உடம்பை ஒட்டிய பாதிச் சிறகு மஞ்சளாகவும் வெளிப்பாதி வெள்ளையாகவும் தெரியும். புழுக்களுக்கு முதல் விருப்பம் சரக்கொன்றை, அடுத்து சாலையோரம் நட்டிருக்கும் மஞ்சக்கொன்றை. கோடை மழைக்குப் பின் சரக்கொன்றை செம்பச்சைத் தளிர் விடும்போது பெண்கள் அந்தத் தளிரைச் சுற்றிச் சுற்றி வரும். இலையைக் கால்களால் தட்டி, சுவை பார்த்து, வயிற்றை வளைத்து, ஒரு முட்டையை நிறுத்தி வைத்துவிட்டு நகரும். முட்டை படுத்துக் கிடக்காது. இருபுறமும் கூம்பி, வரிவரியாக, நெட்டுக்குத்தாக நிற்கும். முற்றிய இலையில் வைக்காது, ஏனென்றால் பொரிந்து வரும் புழுவின் வாய்க்கு முற்றிய இலை கடினம்.

பெயரில் இருப்பது போல இவை இடம்பெயரும் பூச்சிகள்தான். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கேயும், மழை ஓய்ந்தபின் திரும்ப மேற்கேயும் நீலப்புலி வகைப் பூச்சிகள் கூட்டமாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டங்களில் எமிகிரன்ட்களும் கலந்து போகும். ஒரே திசையில் பூச்சிகள் தொடர்ந்து போவதைக் கண்டால் தேதி, நேரம், போகும் திசை மூன்றையும் உங்கள் மகள் நோட்டில் எழுதி வைக்கட்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களும் அந்தப் பாதையில் இருப்பதால் அப்படி ஒரு குறிப்புக்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது படம் மங்கல்தான், ஆனால் போதும். வெள்ளைச் சிறகு, முனையில் கருப்பு, அந்தக் கருப்புக்குள் அடைபட்ட ஆரஞ்சுத் திட்டு. ஒயிட் ஆரஞ்ச் டிப். சிறகு வெள்ளைக்குப் பதில் நல்ல மஞ்சளாக இருந்தால் யெல்லோ ஆரஞ்ச் டிப். இவையும் பியரிடேதான், ஆனால் கோலியாடினே கிளை இல்லை. சாப்பாடும் வேறு: மேலே சொன்னவை எல்லாம் கொன்றை, வாகை, அகத்தி வகையறா. இவை ஆதண்டை, தொரட்டி போன்ற முட்புதர்களில் வளர்பவை. படத்தின் பின்னணியில் தெரியும் வளைந்த முள் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நம் மாவட்டங்களின் உண்மையான செல்வம் இந்தப் புதர்க்காட்டுக் கூட்டம்தான் என்பது என் உறுதியான எண்ணம். மஞ்சள் பூச்சிகளைச் சென்னையில் கூடப் பார்க்கலாம். ஆனால் தொப்பூர்க் கணவாயின் இருபுறமும், பென்னாகரம் சரிவுகளிலும், அஞ்செட்டிப் பக்கத்திலும் உள்ள வறண்ட முட்காட்டில், வெயில் ஏறிய பிறகு புதருக்குப் புதர் பறப்பவை ஒரு தனி உலகம். விழுதிச் செடியும் பூமிச்சர்க்கரைக் கொடியும் இருக்கும் இடத்தில் ஸ்மால் ஆரஞ்ச் டிப், ப்ளெய்ன் ஆரஞ்ச் டிப், முனையில் ரத்தச் சிவப்புள்ள கிரிம்சன் டிப். முட்சங்கஞ்செடி அடர்ந்த இடத்தில் ஸ்மால் சால்மன் அராப்; மேல்பக்கம் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம், அடிப்பக்கம் பசுமஞ்சள். நிலத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று ஜேசிபியை வைத்து இந்த முட்புதர்களை ஓரத்தோடு வழித்தெடுப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. விழுதியும் ஆதண்டையும் போனால் அந்தப் பூச்சிகளுக்குப் போக இடம் இல்லை, வேறு இலையை அவற்றின் புழு தின்னாது. உங்கள் நிலத்து வேலியில் அவை இருந்தால் தயவுசெய்து விட்டுவையுங்கள்.

ஆரஞ்சாகத் தெரிவதெல்லாம் இந்தக் குடும்பம் என்றும் நினைக்க வேண்டாம். எருக்கஞ்செடியைச் சுற்றி நிதானமாகப் பறக்கும் ஆரஞ்சுப் பூச்சி ப்ளெய்ன் டைகர். சிறுபூனைக்காலிக் கொடியில் சோம்பலாகத் தொங்குவது டானி கோஸ்டர். 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் ஆரஞ்சுதான், அது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருப்பது. இவை மூன்றும் வேறு குடும்பம். உட்கார்ந்திருக்கும்போது கால்களை எண்ணினால் தெரிந்துவிடும். மஞ்சள் பூச்சிக் குடும்பம் ஆறு காலிலும் நிற்கும். இவை நான்கு காலில்தான் நிற்கும், முன்னங்கால் இரண்டும் சிறுத்து நெஞ்சோடு மடங்கியிருக்கும்.

இந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்றும் உங்கள் மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள், நல்ல கேள்வி. சிறகைத் தொட்டால் விரலில் ஒட்டும் தூள் உண்மையில் நுண்ணிய செதில்கள். பியரிடே குடும்பத்தின் செதில்களில் டெரின் என்ற நிறமிகள் மணிமணியாக அடுக்கப்பட்டிருக்கும். பட்டாம்பூச்சிகளில் இந்த நிறமியைச் சிறகுக்கு இவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது இந்தக் குடும்பம்தான். பின்னாளில் வைட்டமின் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ஃபிரெடரிக் ஹாப்கின்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பிய மஞ்சள் பூச்சி ஒன்றின் சிறகை ஆராயத் தொடங்கினார். அதே பூச்சியின் மஞ்சள் நிறமியை 1925இல் ஜெர்மனியில் வீலாண்டும் ஷோப்ஃபும் பிரித்தெடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையின் மூலக்கூறிலும் இதே டெரின் வளையம் இருக்கிறது. இன்னொன்று: ஆண் கிராஸ் யெல்லோவின் மேல்சிறகு புற ஊதா ஒளியில் மின்னும். நம் கண்ணுக்கு அது எட்டாது, பெண் பூச்சிக்குத் தெரியும்.

இனி எங்கே, எப்போது. சித்திரை, வைகாசி மழைக்குப் பின் எண்ணிக்கை ஏறத் தொடங்கும், ஆவணி முதல் கார்த்திகை வரை உச்சம். காலை ஒன்பது மணிக்குமேல் வெயில் நன்றாக விழுந்தபின் போனால் போதும். மூடுவானமாக இருந்தால் ஒன்றும் பறக்காது.

உங்கள் ஊரிலிருந்து கிட்டத்தில் இருப்பது ஒகேனக்கல். அருவியைப் பார்க்கிற கூட்டத்திலிருந்து விலகி, காவிரிக் கரையில் ஈர மணல் இருக்கும் ஓரமாகப் பாருங்கள். எமிகிரன்ட்களும் கிராஸ் யெல்லோக்களும் சிறகை மூடி, ஒரே பக்கம் சாய்ந்து, மணலில் உறிஞ்சுகுழலை ஊன்றி நிற்கும். அநேகமாக எல்லாமே ஆண்கள். ஈர மண்ணில் கரைந்திருக்கும் உப்புச்சத்துதான் அவற்றுக்கு வேண்டும். இணைசேரும்போது அந்த உப்பின் ஒரு பங்கு பெண்ணுக்குப் போய், முட்டைக்கும் சேரும். அப்படி உறிஞ்சும்போது பக்கத்தில் மண்டியிட்டுப் படம் எடுத்தாலும் அசையாது. அறைக்குள் புள்ளி எண்ணிப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. வெள்ளம் திறந்துவிட்ட நாட்களில் மட்டும் கரைக்கே போகாதீர்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் உறவினர் யாரும் இருந்தால் மாந்தோப்புக்குக் கூட்டிப்போங்கள். மாமரத்தில் புல்லுருவி தொற்றியிருந்தால் காமன் ஜெசபெல் இருக்கும். அடிப்பக்கத்தில் நல்ல மஞ்சள், ஓரத்தில் வரிசையாகச் செந்நிறப் புள்ளிகள். இந்தக் குடும்பத்திலேயே அழகு அதுதான் என்பேன். அதன் புழுக்கள் புல்லுருவி இலையைக் கூட்டமாகத் தின்னும். தோப்புக்காரர்கள் காய்ப்பு குறைகிறதே என்று புல்லுருவியை வெட்டுவது நியாயம். தோப்புக்கு வெளியே சாலையோர மரங்களில் இருப்பதை விட்டுவைத்தால் ஜெசபெல்லுக்குப் போதும். கிருஷ்ணகிரி அணையின் வாய்க்கால் கரைகளும் கிராஸ் யெல்லோவுக்கு நல்ல இடம்.

வத்தல்மலை, சித்தேரி போன்ற மரம் அடர்ந்த மலைப்பக்கம் போனால் திரீ-ஸ்பாட்டைத் தேடுங்கள். காவிரியை ஒட்டிய காடுகள் பெரும்பாலும் காப்புக்காடு. 2022இல் அறிவித்த காவேரி தெற்குக் காட்டுயிர் சரணாலயமும் நம் இரண்டு மாவட்டங்களில்தான் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள பகுதி, சாலையை விட்டு இறங்கவே வேண்டாம். அதற்கு அவசியமும் இல்லை. சாலையோர ஆவாரையும் உங்கள் வரப்பின் தகரையுமே ஒரு வருடத்துக்குப் போதுமான பாடம். களைக்கொல்லி அடிக்கும்போது வரப்பையும் சேர்த்து அடிக்காமல் ஓரத்தில் ஓர் அடி விட்டுவிடுங்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

மகளுக்கு ஆசை இருந்தால் புழு வளர்த்தும் பார்க்கலாம். தகரையிலோ சரக்கொன்றைத் தளிரிலோ முட்டையோடு ஒரு சின்னக் கொத்தை ஒடித்து, தண்ணீர் ஊற்றிய சிறு குப்பியில் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்து (புழு உள்ளே விழுந்து மூழ்கிவிடும்), மேலே கொசுவலைத் துணியைக் கட்டி நிழலில் வைக்கட்டும். தினமும் புது இலை, தினமும் எச்சத்தைத் துடைப்பது, இவ்வளவுதான் வேலை. எமிகிரன்ட் புழு பச்சையாக, பக்கவாட்டில் ஒரு வெளிர் கோடும் அதையொட்டிக் கருப்புப் புள்ளிகளுமாக வளரும். கூட்டுப்புழுவாகும்போது வாலை ஒட்டவைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலால் தன்னைக் கட்டிக்கொள்ளும். முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று வாரத்தை ஒட்டி ஆகும், குளிர்காலத்தில் கூடும். ஓரிரண்டு போதும், நிறைய எடுக்க வேண்டாம். வெளிவந்த பூச்சியைச் சிறகு காய்ந்ததும் அதே செடி இருக்கும் இடத்தில் விட்டுவிடட்டும்.

படம் எடுக்கும்போது பூச்சிக்கு நேர் பக்கவாட்டில், சிறகின் மட்டத்துக்குக் கைப்பேசியைக் கொண்டுபோங்கள். மேலிருந்து எடுத்தால் கோடு மட்டும்தான் விழும். உணர்கொம்பின் நிறம் தெரிய வேண்டும். அது உட்கார்ந்திருந்த செடியைத் தனியாக இன்னொரு படம் எடுங்கள். பூவில் அசையாமல் கோணலாகத் தொங்கினால் நெருங்கிப் பாருங்கள், பூவின் நிறத்திலேயே இருக்கும் நண்டுச் சிலந்தி பிடித்து வைத்திருக்கும். படத்தை வெட்டாமல், இடக்குறிப்போடு, ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயரைச் சரிபார்ப்பார்கள். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் நாடு முழுக்கப் ‘பிக் பட்டர்ஃபிளை மந்த்’ என்ற பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு நடக்கிறது. அப்போது உங்கள் வரப்பின் கணக்கையும் சேர்க்கலாம். மூன்றாவது படத்தின் ஒயிட் ஆரஞ்ச் டிப் பறந்த அந்த முட்புதரை மட்டும் இலையும் முள்ளும் தெளிவாகத் தெரியும்படி மறுபடி எடுத்து அனுப்புங்கள், ஆதண்டையா தொரட்டியா என்று பார்த்துச் சொல்கிறேன்.